கழுத்தைத் தொட்ட கை

ரெட்பட், ஓக்லஹோமா
மே 8, 2019, புதன்கிழமை

அன்புள்ள டெலேனி கண்ணுக்கு உன் வெர்ல் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் வாண்டா அத்தையும் கை கால் குறையாமல் இருக்கிறோம், அங்கே ஐடஹோவில் நீயும் உன் தோள்பட்டையும் அப்படியே இருக்க ஆண்டவர் துணை. திங்கட்கிழமை குளியலறையில் ஒரு பாம்பு. ஆறடி, என் புஜம் தடிமன். நான் பிடித்திருப்பேன், அதற்குள் உன் அத்தை என்னைத் தள்ளிவிட்டு, நான் பயிற்சிக்குப் பந்து அடித்துக் கொடுப்பேனே அந்த நீளச் சாஃப்ட்பால் பேட், அதை எடுத்து ஏழு போடு போட்டாள். தலை தனியாகப் போய் விழுந்தும் கால்மிதியைக் கடித்துக்கொண்டே இருந்தது. சுவரெல்லாம் ரத்தம், நான்தான் துடைத்தேன். போன வாரச் சூறாவளி டயர் கடைப் பலகையைப் பிய்த்துக்கொண்டு போய் பாப்டிஸ்ட் சபைக் கூரையில் செருகிவிட்டது, அதில் "தேய்ந்ததைக் கொண்டு வாருங்கள், புதிதாய்ப் போங்கள்" என்று எழுதியிருக்கிறதா, போதகர் அதையே வைத்து ஒரு மணி நேரம் பிரசங்கம் பண்ணிவிட்டார். எழுதிய பெயிண்டர் நான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு வருகிறேன். உன் தலைமைக் கோச் பாலெட், உதவிக் கோச்சான உன்னைத் தனியே கூப்பிட்டு, பதினெட்டாம் தேதி சனிக்கிழமை ஆட்டத்தில் எதிரணியின் அந்த இடக்கை உயரப் பெண் முதல் தடவை பேட் பிடிக்க வரும்போது, பந்து எறிகிற பிட்ச்சர் கையில் கட்டியிருக்கும் எண் அட்டையில் இருக்கிற அந்த ஒரு எண்ணைச் சொல்லு, பந்து கழுத்துக்குப் போகட்டும், அப்புறம் அவள் நாள் முழுக்கத் தள்ளித்தான் நிற்பாள் என்றாளாம். சொன்னால் அடுத்த வருஷம் பாலெட் விலகும்போது தலைமைக் கோச் நாற்காலி உனக்கு. சொல்லாவிட்டால் ஜூன் மாதம் உன் ஒப்பந்தத் தாளில் அவள் கையெழுத்து இருக்காது. நீ என்ன சொன்னாய்? "நான் ஒண்ணும் சண்டை போடப்போறதில்ல மாமா. சரின்னு தலையாட்டிட்டு வேற எண்ணைச் சொல்லிடுவேன். பந்து வெளிப்பக்கம் போயிடும், பிட்ச்சருக்குக் கை நழுவிடுச்சுன்னு சொல்லிக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?" நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, என் மருமகளா கொக்கா என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு பொரித்த கெளுத்தி மீனை நான் தட்டில் மிச்சம் வைத்ததைப் பார்த்து உன் அத்தை டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றாள். அதனால்தான் போனை நம்பாமல் இதை எழுதுகிறேன். போனில் என்றால் நான் சிரித்து மழுப்பிவிடுவேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

உதவிக் கோச் பிழைப்பு உனக்குத் தெரியாததா, ஆனாலும் சொல்வேன். பத்தாம் வகுப்போடு நின்ற நான் ஏழு வருஷத்தில் ஐந்து கல்லூரி பார்த்தவன், உன் அம்மா எறிய எறியப் பிடித்துப் படித்த படிப்புதான் எனக்குப் பட்டம். முதல் இரண்டு வருஷம் சம்பளமே இல்லை. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது நான், பஸ் ஓட்டுவது நான், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து நாளைக்கு முந்நூறு பந்து பிடிப்பது நான். என் முழங்கால் எலும்பில் பந்தின் தையல் பதிந்திருக்கிறது, செத்த பிறகு வேண்டுமானால் எண்ணிப் பார். என்னோடு இருந்த டுவேன் ஒன்பது வருஷம் முதல் மூலையில் நின்று ஓடுகிற பெண்களுக்குக் கை காட்டினான், ஒரு பந்து கோணலாக வந்து முன்பல் நான்கையும் கொண்டுபோயிற்று, அடுத்த வாரம் தலைமைக் கோச்சை நீக்கினார்கள், டுவேன் சாமானும் அன்று சாயங்காலமே வாசலுக்கு வந்தது. மரம் சாய்ந்தால் கூட்டிலிருக்கும் குஞ்சை யார் கேட்கிறார்கள்? பல் போனதற்கு ஒரு ஆறுதல் அட்டைகூட யாரும் அனுப்பவில்லை. தெற்கே ஒரு கல்லூரியில் ஆட்டம் முடிந்து கை குலுக்கும்போது எதிரணி உதவிக்காரர்கள் மூன்று பேர் என் மேல் பாய்ந்தார்கள், ஒருவன் மூக்கை, ஒருவன் விரலை, ஒருவன் மானத்தை என்று வரிசையாக உடைத்து அனுப்பினேன். தலைமைக் கோச்சுக்காக அடிக்கிறதும் அடிபடுகிறதும்தான் உதவிக்காரன் உத்தியோகம் என்று நினைத்திருந்த காலம் அது.

அப்படித்தான் 1994 ஏப்ரலில் இதே ரெட்பட் கல்லூரியில் ராய் கிரீருக்குக் கீழே இருந்தேன், வேலை போன டுவேனும் என் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்தான். ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அப்போதெல்லாம் கையில் கட்டும் எண் அட்டை ஏது? நான் பெஞ்ச் ஓரம் நின்று தொப்பி, மூக்கு, காது, பெல்ட் என்று வரிசையாகத் தொடுவேன். எல்லாம் சும்மா, ஒன்றே ஒன்றுதான் மெய். சாவி என்று ஒரு இடம் வைத்திருப்போம், சாவியைத் தொட்டதும் அடுத்து எதைத் தொடுகிறேனோ அதுதான் கட்டளை. முழங்கால் என்றால் பந்து வெளிப்பக்கம் தாழ்வாக. கழுத்து என்றால் ஆள் மேலேயே, உயரமாக. காலை ஆட்டத்தில் காதுதான் சாவி. எதிரணி ஆள் ஒருவன் என் காதையே முறைத்துக்கொண்டிருந்தான், அதனால் மத்தியானம் நானே எறிகிற பிட்ச்சரையும் பிடிக்கிற கேட்சரையும் கூப்பிட்டு, அடுத்த ஆட்டத்துக்குத் தொப்பிதான் சாவி என்று மாற்றிவிட்டேன். என் வாயால் நானே மாற்றியது, இதை மறந்துவிடாதே.

அதன் பிறகுதான் கிரீர் வந்தான். லெட்டா பார்ன்ஸ் என்று ஒரு பெண், காலையில் எங்கள் பந்தை இரண்டு தடவை வேலிக்கு அப்பால் அனுப்பியவள். "வெர்லு, அவ வந்ததும் கழுத்தைத் தொடு. நான் பார்த்துக்கிட்டே இருப்பேன். தொடலைன்னா உன் வாளியை எடுத்துக்கிட்டு நடையைக் கட்டு" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? சரிங்க கோச் என்றேன். உன்னை மாதிரியே, கண்ணு. கிரீருக்குச் சாவி கீவி ஒன்றும் தெரியாது, கழுத்தைத் தொடுகிறேனா என்று மட்டும்தான் பார்ப்பான். ஆகவே அவன் கண்ணுக்குக் கழுத்தைக் காட்டிவிட்டு, காதுக்கு அப்புறம் முழங்காலைத் தொட்டுவிட்டால் பந்து வெளியே போய்விடும், வேலையும் நிற்கும், பெண்ணும் பிழைப்பாள். இந்தத் தந்திரத்தைத் தட்டித் தட்டிச் சரிபார்த்ததில் சாவி மாறியது அடியோடு மறந்துபோயிற்று. லெட்டா வந்தாள். தொப்பியைத் தொட்டேன். கிரீர் நன்றாகப் பார்க்கட்டும் என்று கழுத்தை இழுத்துத் தடவினேன். அப்புறம் மார்பு, காது, முழங்கால். பிட்ச்சருக்குப் பத்தொன்பது வயது, அவள் என்னை இரண்டு தடவை பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். என் சாமர்த்தியம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஈரக் கட்டையைக் கோடாலி பிளக்கிற சத்தம். அன்றைக்கு ஹெல்மெட்டுக்கு முகக் கம்பி கிடையாது. லெட்டா விழவில்லை, மண்டி போட்டாள், இரண்டு கையையும் முகத்துக்குக் கீழே ஏந்திக்கொண்டாள், எதையோ சிந்தாமல் பிடிக்கிற மாதிரி. விரல் சந்தில் ரத்தம் கொட்டி வெள்ளைக் கோட்டில் ஓடியது, காலையில் நான் போட்ட கோடு. அவள் அண்ணன் வேலி ஏறிக் குதித்து எங்கள் கேட்சரின் ஹெல்மெட்டைப் பிடுங்கி டுவேன் மண்டையில் அடித்தான், இரண்டு பெஞ்சும் காலியாகி மைதானம் முழுக்க உதையும் கடியுமாக நடந்தது, நான் நின்ற இடத்திலேயே முழங்காலைத் தொட்டபடி குனிந்து நின்றேன். இடது கண் போயிற்று அவளுக்கு. எங்கள் பிட்ச்சர் அடுத்த வாரம் தன் காலணியை என் வாளிக்குள் போட்டுவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை. கிரீர் என்னைக் கட்டிப்பிடித்து, "உனக்குத்தான்டா நெஞ்சுல தைரியம்" என்றான். எனக்குச் சம்பளம் வந்தது. முதல் உதவிக் கோச் என்று கதவில் பெயர் வந்தது. இரண்டு கல்லூரி என்னைத் தேடி ஆள் அனுப்பியது. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஒருவனிடமும் சொல்லவில்லை, சொன்னால் கோழை என்பார்கள், சொல்லாவிட்டால் வீரன்.

மூன்று வருஷம் வீரனாக இருந்தேன். 1997 மார்ச்சில் லெட்டாவின் கல்லூரிக்கு ஆடப் போனோம், அவள் அங்கே சம்பளமில்லாத உதவிக் கோச், ஒற்றைக் கண்ணோடு பெண்களுக்குப் பயிற்சிப் பந்து எறிகிறாள். எங்களையெல்லாம் அந்த விளையாட்டு விடாது போலிருக்கிறது. ஆட்டம் முடிந்து கை குலுக்கும் வரிசையில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "கழுத்தைத் தொட்டது நீதானேய்யா?" என்றாள். எல்லாரும் போன பிறகு அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், சாவி, காது, தொப்பி, முழங்கால், நான் உன்னைக் காப்பாற்றத்தான் பார்த்தேன் தாயி என்று. அவள் கேட்டுவிட்டு, "அப்ப இது இன்னும் மோசம். வேணும்னே செஞ்சிருந்தா உன்னை வெறுத்துட்டு நிம்மதியாப் போயிருப்பேன். அவ்வளவு இடத்தைத் தொட்டியே, வாயைத் திறந்து முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா?" என்றாள். பயிற்சிப் பந்து வாளியைக் கையில் எடுத்தாள். "போய் பேட் பிடிக்கிற கட்டத்துல நில்லு" என்றாள். ஹெல்மெட் இல்லாமல் போய் நின்றேன். ஒற்றைக் கண்ணால் தூரம் பிடிபடவில்லை அவளுக்கு, முதல் பந்து வேலியில் மோதியது. இரண்டாவது விலாவில், ஒரு எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. மூன்றாவது வருவது தெரிந்தது, நான் அசையவில்லை. தாடை இரண்டாய்ப் போயிற்று. அவளேதான் தன் வண்டியில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனாள், வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே, மண்வாசனை வீசும் தன் துண்டை என் வாயில் வைத்து அழுத்திக்கொண்டே. கதவில் இருந்த பெயரை அடுத்த மாதம் நானே சுரண்டிவிட்டு டயர் கடைக்கு வந்தேன்.

அம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு நீ எங்களிடம் வந்தது அந்த வசந்தத்தில்தான், ஆறு வயசு உனக்கு. வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்த எனக்குச் சூப்பில் உறிஞ்சு குழலைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். யார் அடிச்சா மாமா என்று நீ கேட்க, கம்பிக்குள்ளிருந்தே காளை என்று சொன்னேன், வருஷத்துக்கு வருஷம் அந்தக் காளைக்கு எடை கூட்டிக்கொண்டே போனேன். இதுவரை எழுதியதை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். "இருபத்திரண்டு வருசமா அந்தக் காளையை நான் நம்பினேன்னா நினைச்சே? காளை எங்கேய்யா துண்டுல வாயைத் துடைச்சு அனுப்பும்?" என்றாள். பாம்பும் மூன்றடிதான், எதிரணி உதவிக்காரர்கள் மூன்று பேரும் ஒரே ஆள்தான், அவனும் வழுக்கித்தான் விழுந்தான். குறைக்க வேண்டியதையெல்லாம் குறைத்துக்கொள். ஆனால் லெட்டா விஷயத்தில் நான் ஒரு அங்குலம்கூடக் கூட்டவில்லை.

ஆகையால் கண்ணு, தந்திரம் வேண்டாம். உன் பிட்ச்சருக்கும் பத்தொன்பது வயசுதான் இருக்கும், அவள் அட்டையைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்ப்பாள். எண் மாறலாம், அட்டை மாறலாம், உனக்கு அன்றைக்கு என்ன மறக்கும் என்று யார் கண்டது? சனிக்கிழமை வரைக்கும் வைத்திருக்காதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே, பெண்கள் எல்லாரும் கேட்கும்படி, பாலெட்டின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல். ஜூனில் கையெழுத்து விழாது, அது நிச்சயம். உன் அறையில் கட்டில் அப்படியே கிடக்கிறது, சூறாவளி ஜன்னலை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போயிற்று, அதை நாளைக்கே போட்டுவிடுகிறேன்.

உறைக்குள் ஒரு சின்னக் கம்பித் துண்டு இருக்கும், பார்த்துப் பிரி, குத்திவிடும். என் தாடையைக் கட்டியிருந்தது, உன் அத்தை ஊசிப் பெட்டியில் வைத்திருந்தாள். அதை விசில் கயிற்றில் முடிந்துகொள். கர்த்தர் உன் நாக்குக்குப் பலம் தரட்டும், உன் கண் இரண்டையும், எதிரே பேட் பிடித்து நிற்கிறவளின் கண் இரண்டையும் காக்கட்டும். தோளுக்குப் பயிற்சி முடிந்ததும் ஐஸ் வை. வாயை மட்டும் கட்டி வைக்காதே, அது ஆறு வாரம் எப்படி இருக்கும் என்று குழலைப் பிடித்தவளுக்குத் தெரியும்.

உன்னைத் தூக்கி வளர்த்த,
வெர்ல் மாமா