பூச்சியத்துக்கு அந்தப் பக்கம்

12.06.1989

கணக்கு மாஸ்டர் இனி வரமாட்டார். லீவில் யாழ்ப்பாணம் போனவர் அங்கேயே மாற்றல் வாங்கிக்கொண்டாராம். அதிபர் பொன்னையா சார் என்னைக் கூப்பிட்டார். "பரிமளம் டீச்சர், ஓ.எல். பரீட்சை எழுதப்போற வகுப்புக்குக் கணக்கை நீங்கதான் பாக்கணும்."

"சார், நான் தமிழும் சரித்திரமும் படிச்சவ."

"கணக்கு பாஸ்தானே? இந்த மலையில வேற யாரு இருக்கா, சொல்லுங்க."

பாஸ்தான். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் கணக்கில் தவறினால் இந்தப் பிள்ளைகளுக்கு மேலே ஏ.எல். படிப்பு கிடையாது. நேராகத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் மலைதான். அதற்கு நானா பொறுப்பு?

15.06.1989

புத்தகத்தைத் திறக்கிறேன், மூடுகிறேன். வாசல்வரை போய்த் திரும்பி வருகிறேன். இருப்புக்கொள்ளவில்லை.

21.06.1989

கரும்பலகையில் எழுதினேன்: 'x இலிருந்து ஏழைக் கழிக்க.' வகுப்பு முழுவதும் 7 − x என்று எழுதியிருந்தது. கோபம் வந்து, கொழுந்து பறிக்கும் பாப்பம்மாவின் மகள் அழகாயியைக் கேட்டேன். ஏன் இப்படி?

"டீச்சர், 'இலிருந்து'ன்னா எதுலருந்து எத எடுக்கணும்? கழிக்கன்னு கிட்டத்துல ஏழுதானே நிக்குது? அதான் ஏழ முதல்ல எழுதினோம்."

நின்றுவிட்டேன். இது கணக்கே இல்லை, தமிழ்! தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் 'இலிருந்து' என்று பேசுவதில்லை. 'சட்டியில இருந்து ஏழு ரொட்டிய எடு' என்றேன். சட்டி x. எல்லோரும் சரியாக எழுதினார்கள். இவ்வளவுதானா? இத்தனை வருஷமும் இதற்காகவா அடி வாங்கினார்கள்?

சந்தோஷமாக இருந்தது.

28.06.1989

நம் பாடத்தில் கூட்டல் குறி 'சக', கழித்தல் குறி 'சய'. சயவும் சயவும் பெருக்கினால் சக. எழுதிப்போட்டேன். அழகாயி எழுதவில்லை. "ஏன் டீச்சர்? ரெண்டு கடன் சேந்தா பெரிய கடன்தானே? எப்பிடி கையில காசாகும்?"

"அப்படித்தான் வரும். பாடமாக்கு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். எனக்கும் தெரியாது என்று கண்டுபிடித்துவிட்டாளா? ஜன்னலோரமாக நடந்துகொண்டே மணி அடிக்கும்வரை சமாளித்தேன்.

02.07.1989

மாத்தளைக்கு, வீட்டுக்கு வந்தேன். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. மீதியை நடந்தேன். பக்கத்துத் தெரு நுஹ்மான் மாஸ்டர் முஸ்லிம் பாடசாலையில் கணக்குப் படிப்பிப்பவர். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தாளில் வாய்ப்பாடு எழுதினார். சய மூன்றை மூன்றால் பெருக்கினால் சய ஒன்பது. இரண்டால், சய ஆறு. ஒன்றால், சய மூன்று. பூச்சியத்தால், பூச்சியம்.

"ஒவ்வொரு தடவையும் மூணு மூணா ஏறுது பாத்தீங்களா? பூச்சியத்தோட நின்டுடுமா? அந்தப் பக்கம் சய ஒண்ணுக்கு எறங்கினா அடுத்தது என்ன?"

"மூன்று. சக மூன்று!"

என் சத்தத்தைக் கேட்டு அவருடைய மனைவி பீபி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

11.07.1989

பள்ளிக்கூடக் கதவில் கையால் எழுதிய சுவரொட்டி. திறந்தால் தண்டனை என்று சிங்களத்தில், அரசை எதிர்க்கும் கிளர்ச்சிக்காரர்களின் பாணியில். யார் ஒட்டியது என்று யாரும் கேட்கவில்லை. பொன்னையா சார் சாவியை மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

பரீட்சை? யாரைக் கேட்பது?

14.07.1989

தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் ஆயா ராசம்மா இடம் தந்தார். கைக்குழந்தைகளைத் தாய்மார் கூட்டிப்போனபின், தொட்டில்களைச் சுருட்டிவைத்துவிட்டுப் படிக்கலாம். "சத்தம் போடாம படிங்க, யாராவது கேட்டா பால் மா பங்குபோடுறோம்னு சொல்லிக்கிறேன்" என்கிறார். நாய் குரைத்தால் எல்லோரும் வாசலைப் பார்க்கிறோம்.

நுஹ்மான் மாஸ்டரின் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். அழகாயி முகத்தில் பாதி நம்பிக்கை. மறுபடியும் சய மூன்றைச் சய மூன்றால் பெருக்கும் இடத்தில் சய ஒன்பது என்றே எழுதினாள்.

20.07.1989

வரைபு ஆரம்பித்தோம். y = x² − 3. என்னிடமிருந்த கிராஃப் தாள்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வீட்டில் வரைந்து வரச்சொன்னேன்.

23.07.1989

இரவு. நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

காலையில் பாப்பம்மா தலைவிரிகோலமாக நான் தங்கியிருக்கும், தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் வீட்டுக்கு ஓடிவந்தார். "டீச்சர், புள்ளைய புடிச்சி வச்சிட்டானுக! பையில ஏதோ படமாம், நீங்க குடுத்த படமாம்!" தாயும் மகளும் டிஸ்பென்சரிடம் இல்லாத மருந்துக்கு றத்தோட்டை டவுனுக்குப் போயிருக்கிறார்கள். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் பையைக் கொட்டியிருக்கிறார்கள். கிராஃப் தாள்.

ஓடினேன். அழகாயி மணல் மூட்டையோரம் நிற்கிறாள். ஆபீசர் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினான். "மொகத்த மே?" — என்ன இது? சிங்களத்தில் சொன்னேன், கணக்கு என்று. அவன் வளைகோட்டைத் தடவிக் காட்டினான். இது எந்தப் பள்ளத்தாக்கு? இந்தப் புள்ளிகள் என்ன, வீடுகளா, காவல் போஸ்ட்டா? நம்பர்கள் எதற்கு? யார் வரைந்து கொடுத்தது?

"நான் கொடுத்த பாடம். அவளே வரைந்தது."

"அப்படியென்றால் திரும்ப வரையட்டும். பார்க்காமல். நீ வாயைத் திறக்கக் கூடாது."

ஒரு வெறுந்தாளும் பேனாவும் வந்தன. பக்கத்தில் ஜீப். பின்கதவு திறந்தே இருந்தது. பாப்பம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அழகாயி கோடுகள் போட்டாள். வலப்பக்கப் புள்ளிகளை வைத்தாள், சரி. இடப்பக்கம் வந்தாள். சய ஒன்று, சரி. சய இரண்டு, சரி. சய மூன்று. அங்கே பேனா நின்றுவிட்டது.

சய மூன்றின் வர்க்கம். சய ஒன்பது என்று எழுதினால் புள்ளி கீழே எங்கோ போய்விடும். பழைய தாளோடு பொருந்தாது. என் வாய் துடித்தது. துப்பாக்கியோடு நின்ற ஒருவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மாரியம்மா, மாரியம்மா.

அவள் உதடு அசைந்தது. "சய மூணு... பூச்சியம்... மூணு... ஆறு..."

"என்ன மந்திரம் சொல்கிறாள்?" என்று ஆபீசர் கத்தினான். அவள் நிமிரவில்லை.

"ஒம்பது." ஒன்பதிலிருந்து மூன்று போக ஆறு. புள்ளியை வைத்தாள். வளைகோட்டை ஒரே இழுப்பில் இழுத்தாள்.

ஆபீசர் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெகுநேரம். பிறகு இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "போங்கள். இதையெல்லாம் ரோட்டில் கொண்டுவராதீர்கள்" என்றான்.

லயத்து முற்றத்தில் அழகாயி வாந்தி எடுத்தாள்.

24.07.1989

நான்தானே அந்தத் தாளைக் கொடுத்தேன்.

06.08.1989

ஒருவரும் வரவில்லை. காலியான பிள்ளைக்காம்பராவில் நானும் ராசம்மாவும் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கு வந்துவிடு என்று அப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். கொழும்பில் மாமாவின் கடையில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். கணக்கு! போகட்டுமா? பெட்டியில் சேலைகளை அடுக்கினேன். மறுபடி எடுத்துவைத்தேன்.

19.08.1989

இன்று அழகாயி வந்தாள், பின்னால் இன்னும் நாலைந்து பேர். பாப்பம்மாவே கூட்டிவந்திருந்தார். "நான் வேணாம்னுதான் சொன்னேன். அடம்புடிக்கிறா. படிக்காட்டி மட்டும் விட்டுருவானுகளா, டீச்சர்?"

அழகாயி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "சமன்பாடு சொல்லிக்குடுங்க. கிராஃப் வேணாம்."

இனித் தாளே கிடையாது. சிமெந்துத் தரையில் சோக்கால் எழுதுகிறோம். போகும்போது ராசம்மா ஈரச்சாக்கால் துடைத்துவிடுகிறார்.

கொழும்புக்குப் போகவில்லை. அப்பாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

17.11.1989

இரவெல்லாம் ஜீப் ஓடியது. காலையில் றத்தோட்டை ரோட்டில் ஏதோ கிடந்ததாம். பார்த்தவர்கள் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. பின்னேரம் விகிதசமம் படிப்பித்தேன்.

பரீட்சை முடிந்த அன்று, 1990

ஒருவழியாகப் பரீட்சை நடந்தேவிட்டது. மண்டபத்துக்கு வெளியே நான் நடந்த நடையில் காவற்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். உட்காரவில்லை.

பெறுபேறு வந்த மறுநாள்

வகுப்பில் பாதிப் பேர்தான் கணக்கில் பாஸ். பெயிலானவர்களில் ஒருத்தி நேற்றே தோட்ட வேலைக்குப் பேர் பதிந்துவிட்டாள். இன்று மலையில் கூடையோடு பார்த்தேன். கையசைத்தாள். நானும் கையசைத்தேன்.

அழகாயி பாஸ். ஒட்டிய மார்க்கில் சாதாரண சித்திதான். மாத்தளையில் ஏ.எல். சேரப் போகிறாள். விடைபெற வந்தவளிடம் வினாத்தாளை எடுத்துவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தேன். வரைபுக் கேள்வியில் நாம் போட்டதைப் போலவே ஒரு வளைகோடு. எழுதினால் நிச்சயம் கிடைக்கும் மார்க்.

"இதுக்கு எவ்வளவு எழுதின?"

"தொடவே இல்ல, டீச்சர்."

"ஏன் புள்ள? உனக்கு இது தண்ணிபட்ட பாடாச்சே."

"அத ஒருதரம் போட்டுட்டேன். போதும்."

பிறகு அவள் வினாத்தாளை நாலாக மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, வெளியே நின்ற தாயோடு பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.