பழனியம்மாவின் படத்துக்கு மாலை

ஓகஸ்ட் 5, செவ்வாய்

கச்சான் காற்று. வீடு முழுக்கப் புழுதி. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று முன்பு கேட்டது காலையிலிருந்து மனதில்: "ரீச்சர், சுவரிலை படம் இருக்கிற ஆக்கள் எல்லாரும் செத்துப் போனவையோ?" அன்று சிரித்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். பதில் சொல்லியிருக்கலாம்.

நேற்று நெடுங்கேணி விளையாட்டுக் கழக மண்டபத்தில் மதிப்புச் சுவர் வேலை. எங்கள் வலைப்பந்து அணியின் சிறந்தவர்களுக்கு. முதல் வரிசையில் ஏழு படம். ஆட்டக்காரிகள் ஆறு பேர். யுத்தத்துக்குப் பிறகு ஒருவரும் உயிரோடு இல்லை. ஒருத்தியின் படம் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது. ஏழாவது, அவர்களைப் பழக்கிய பழனியம்மா. சுகமாக நெளுக்குளத்தில், மகள் வீட்டில்.

கண்ணாடி துடைத்தது நான். சந்தனப் பொட்டு, பிளாஸ்ரிக் மாலை, அதுவும் நான். ஏழுக்கும்! கைப்பழக்கம்.

செயலாளர் ரூபன் பார்க்காமல் படமெடுத்துக் கழகத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். பின்னேரத்துக்குள் மூன்று பேர் மகளை அழைத்துத் துக்கம் விசாரித்தார்களாம். ஒருவர், "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்றாராம்.

இன்று ரூபன்: "ரீச்சர், அவா சனிக்கிழமைத் திறப்புக்கு வரமாட்டாவாம். படத்தையும் கழட்டட்டாம்."

நாளைக்கு நானே நெளுக்குளம் போகவேண்டும்.

ஓகஸ்ட் 6, புதன்

வாங்க: தேயிலை, பனங்கட்டி, முழங்கால் எண்ணெய். நெளுக்குளம் போக வவுனியா பஸ். யன்னலோரம் கிடைத்தது.

பழனியம்மா முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க டீச்சர். கருமாதிக்கு வந்தீங்களா?"

மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார். தேத்தண்ணி தந்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"மாலையில கோவம் இல்ல டீச்சர். அந்த ஆறு புள்ளைங்களும் அங்க. நான் இங்க குந்திச் சோறு திங்கிறேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவளுக முன்னாடி வந்து நிக்கிறது?"

என்ன சொல்வது? தெரிந்த உதாரணம் ஒன்றுதான். சொன்னேன்: "வகுப்பிலை இடாப்புக் கூப்பிடுவன். ஏழு பேரைக் கூப்பிட, ஒரு ஆளாவது 'உள்ளேன்' எண்டு சொல்ல வேண்டாமோ? இல்லாட்டி நான் வெறும் வாங்கு மேசையளுக்கெல்லோ கூப்பிடுறன்?"

விளக்குமாற்றை எடுத்து மறுபடி கூட்டத் தொடங்கினார். கோழி ஒன்று என் செருப்பைக் கொத்தியது. புறப்படும்போது படலையில் வைத்து:

"என் படத்துக்கு நான்தான் ஆணி அடிப்பேன். சொல்லிப்புட்டேன்."

பஸ்ஸில் நல்ல நித்திரை. இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஓகஸ்ட் 7, வியாழன்

தண்ணீர் மோட்டார் பழுது. மண்டபத்தில் பழனியம்மாவின் படத்தை இறக்கி மாலை, பொட்டு, ஆணி எல்லாம் அகற்றியாயிற்று. ஒரு இடம் வெறுமை. ரூபன்: "அவா வராட்டி?" வருவா என்றேன். எனக்கும் நிச்சயமில்லை.

ஓகஸ்ட் 9, சனி

வந்தார். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் விசில்.

ஆறு படத்துக்கு முன்னாலும் ஒவ்வொன்றாக நின்றார். யாரும் கூடப் போகவில்லை. ஒருத்தியின் மாலையை நேராக்கினார். "இவ எப்பவும் கோணலாத்தான் நிப்பா" என்றார். கண் துடைத்தார். பிறகு சுத்தியலுக்குக் கை நீட்டினார்.

முதல் அடி விரலில்.

ரூபன்: "அம்மா, ஆணியிலை அடியுங்கோ!"

"நீ ஏணியப் புடி. வாயத் தொறக்காத."

மாட்டினார். இறங்கித் தள்ளி நின்று பார்த்தார். கொஞ்சம் சரிவு. விட்டுவிட்டோம்.

நான் இடாப்புப் போல ஏழு பெயரும் வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தி. ஆறு தரம் மண்டபத்தில் காற்றாடிச் சத்தம் மட்டும். ஏழாவதுக்கு, கூரை அதிர:

"உள்ளேன் டீச்சர்!"

பாயசம் இரண்டு கோப்பை குடித்தேன். சீனி வருத்தத்தின் கவலை நாளைக்கு.

சுவர்ப் படங்களைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை இன்று கேட்டால் சொல்வேன்: இல்லை, எல்லாரும் செத்தவர்கள் இல்லை. நீயும் வீட்டில் சுகமாக இருக்கிற ஒருவரின் படத்தைச் சுவரில் மாட்டு; ஆணியை அவரையே அடிக்கச் சொல்.