மாடிக்குப் போன மோடம்

12.6.2007, செவ்வாய்

இன்று பிராட்பேண்ட் வந்தது, ஆனால் என் அறைக்கு வரவில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதும், மூன்று மாதம் டெலிபோன் ஆபீசுக்கு நடையாய் நடந்ததும் நான்தான். மஸ்கட்டில் இருக்கும் என் கணவரின் முகத்தை இரண்டு வருடம் கழித்து வெப்கேமராவில் பார்க்கத்தான் அத்தனையும்.

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது லைன்மேன் வந்திருக்கிறார். மாடியில் குடியிருக்கும் என் கணவரின் அண்ணன், ஒயரை மேலே இழுத்து, மோடத்தைத் தன் ஹாலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். சாயங்காலம் போய்க் கேட்டேன்.

"தனியா இருக்குற பொம்பளைக்கு ரூமுக்குள்ள எதுக்கும்மா நெட்டு? தம்பிகிட்ட பேசணும்னா மேல வந்து பேசு. நாங்க என்ன வேத்து ஆளா?"

எல்லாரும் டிவி பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து நான் என் புருஷனிடம் பேச வேண்டுமாம்.

மஸ்கட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அண்ணன் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாரு, விடு" என்றார் அவர்.

"அப்ப அண்ணன் மூஞ்சியவே பாத்துக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நான் முதலில் போனை வைத்தது இன்றுதான்.

அந்தக் கோபத்தோடேயே மாடிக்குப் போய் மோடத்தைக் கழற்றினேன்.

"என்னம்மா இது?"

"என் பேர்ல வந்தது, மாமா."

மோடத்தோடு கீழே வந்து லைன்மேனுக்குப் போன் போட்டேன். காலையில் வந்து என் அறையில் மாட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு லீவு போட்டுவிட்டேன், வாசலை விட்டு நகரமாட்டேன்.

இதை எழுதும்போது போன் இரண்டு தடவை அடித்தது. மஸ்கட்டாகத்தான் இருக்கும். நான் எடுக்கவில்லை.