தண்ணீரை மூடி அறுத்த கல்

மார்ச் 4, செவ்வாய்

என் நுரையீரலைக் கெடுத்தவர் ஞாயிறுதோறும் சபையில் முதல் வரிசையில் உட்காருகிறார். ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கை கொடுப்பார். மெத்தென்று இருக்கும். கல்லைத் தொடாத கை.

இன்று மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டி, வெள்ளைப் புள்ளிகளைப் பேனாவால் காட்டினார். கல்தூசி. உள்ளே தங்கிவிட்டது, இனி வெளியே வராதாம்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

சமையல் மேடைக்குக் கல் அறுக்கிறேன். ஏழு வருஷமாக.

"வயசு?"

இருபத்தாறு. அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். படத்தைவிட அந்தப் பார்வைதான் எல்லாவற்றையும் சொன்னது.

மார்ச் 5, புதன்

வீட்டு மாடிப்படி பதினெட்டு. பதினொன்றாவதில் நின்றுவிட்டேன். போன மாதம் பதினாலு வரை ஏறினேன்.

மார்ச் 7, வெள்ளி

போதகர் வந்தார். அம்மா தையல் மெஷினை மூடி அதன்மேலேயே காபியை வைத்தாள்.

"தம்பி, கஷ்டங்கிறது ஆண்டவர் வைக்கிற பரீட்சை."

"கேள்வித்தாள் மட்டும் எப்பவும் எங்க தெருவுக்கே வருதே ஐயா?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். போதகர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நல்ல மனுஷர்தான். ஆனால் சபைக்கட்டடத்துக்குக் கூரை போட்டுக்கொடுத்தது என் முதலாளி, அந்த முதல் வரிசைக்காரர். வெயிலும் மழையும் போதகருக்கும் உண்டே.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். பாட்டு முடிந்ததும், கஷ்டத்தில் இருப்பவர்கள் எழுந்து நின்று அதைச் சொல்வார்கள், மற்றவர்கள் ஜெபிப்பார்கள். இந்த ஞாயிறு நான் நிற்க வேண்டுமாம். "முதலாளி ஆஸ்பத்திரிக்கு வண்டி அனுப்புறார் இல்ல, அதையும் நன்றியா ரெண்டு வார்த்தை சொல்லிடு."

மார்ச் 9, ஞாயிறு

போகவில்லை. நெஞ்சு சரியில்லை என்றேன். பொய்யும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

செத்துப்போவேனா? எழுதினால் பயம் குறையும் என்றார்கள். எழுதிவிட்டேன். குறையவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

லீவுக் கடிதம் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். ஓடிக்கொண்டிருந்த மூன்று மெஷினிலும் தண்ணீர்க்குழாய் மூடியிருந்தது. என் பக்கத்து மெஷின்காரன் கட்டை, மாவில் புரண்டவன் மாதிரி நின்றான், கண்ணிமைகூட வெள்ளை. ஆள் குள்ளம், அதனால் அந்தப் பட்டப்பெயர்.

"என்னடா மச்சான், லீவு போட்டுத் தொப்பை வளக்குறியா?" சிரித்தான், இருமினான். அந்த இருமல் எனக்குத் தெரியும். வறட்டு இருமல், ஒன்றும் வெளியே வராது. போன வருஷம் என்னிடம் இருந்தது.

இதை எழுதியே ஆக வேண்டும். தண்ணீர் ஓடினால் தூசி அடங்கும், ஆனால் கல்லில் போட்ட பென்சில் கோடு தெரியாது, வளைத்து அறுக்கும்போது கை தப்பும். தண்ணீரை மூடிவிட்டால் பாதி நேரத்தில் வேலை முடியும். அதைக் கண்டுபிடித்தவன் நான். முதலாளி எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டைக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். முதலாளி தெரிந்தே விட்டார், நான் தெரியாமல் செய்தேன் — தெரியாமலா? அப்புறம் எதுக்குடா மூஞ்சில துணி கட்டுன?

மார்ச் 12, புதன்

மூச்சுச் சோதனை. குழாயில் ஊத வேண்டும். மூன்றாவது தடவை மூச்சு முட்டிவிட்டது. நாற்காலியை இரண்டு கையாலும் அழுத்தி எம்பினேன். கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருந்த நர்ஸ் அக்கா முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சிலுவையில தொங்குறவங்க மூச்சு முட்டித்தான் சாவாங்கன்னு படிச்சிருக்கேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஆணி அடிச்ச கால ஊனி எம்பணுமாம்." சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று திரும்பி இயந்திரத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

திரும்பும்போது வண்டியில் அதே நினைப்பு. அப்படியென்றால் ஆண்டவர் பரீட்சை வைக்கிறவர் இல்லை. மூச்சுக்கு எம்பினவர். அந்த நிலையில் ஒரு வார்த்தை பேச எவ்வளவு காற்று வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்தக் காற்றைச் செலவழித்துத் தன் அம்மாவைச் சீடன் ஒருவனிடம் ஒப்படைத்தார். பக்கத்தில் தொங்கின திருடனோடு பேசினார். சின்ன வயசிலிருந்து காது புளித்த கதை. இன்றுதான் நெஞ்சுக்கூட்டில் உறைத்தது.

பயம் போகவில்லை. சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் ஜெபித்தபோது அவருக்கும்தான் பயத்தில் வேர்த்தது. ஆனால் நான் இருக்கிற மூச்சையெல்லாம் எனக்காகப் பயந்தே தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 14, வெள்ளி

பட்டறை வாசலில் கட்டையிடம் சொல்லிவிட்டேன். "தண்ணிய மூடச் சொல்லிக்குடுத்தது நான்தான். மன்னிச்சிருடா. போய்ப் படம் எடு."

"நீ பெரிய வாத்தியாரு. என் கை, நான் மூடுனேன்." சட்டையில் இருந்த தூசியைத் தட்டினான். "படம் எடுக்கப் போனேன்னு தெரிஞ்சா முதலாளி வீட்டுக்கு அனுப்பிடுவாருடா. அவ மாசமா இருக்கா."

உள்ளே போனவன் திரும்பி வந்தான்.

"வலிக்குமா?"

"எது?"

"படம் எடுக்க."

"இல்லடா. மூச்சப் புடிச்சுட்டு நிக்கணும், அவ்வளவுதான்."

மார்ச் 16, ஞாயிறு

போனேன். பாட்டு முடிந்தது. போதகர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தேன். அம்மா என் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள். முதலாளி கண்ணை மூடி, ஜெபத்துக்குத் தயாராக இருந்தார்.

"எனக்காக ஜெபிங்க. ரொம்ப பயமா இருக்கு." மூச்சு வாங்கினேன். "தண்ணிய மொதல்ல மூடுனவன் நான். அது என் பாவம். அதனால எங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சும் விட்டவர் முதலாளி."

அம்மா சட்டையை இழுப்பாள் என்று நினைத்தேன். விட்டுவிட்டாள்.

"முதலாளி, இன்னும் மூணு பேர் அறுக்கிறாங்க. நாளைக்குக் காலையில மூணு பேருக்கும் படம் எடுக்கணும். யாரையும் வேலைய விட்டு அனுப்பக் கூடாது. தண்ணி ஓடாம இனி ஒரு கல்லும் அறுபடக் கூடாது. செய்யறேன்னு சொல்லுங்க."

அவர் திரும்பவில்லை. அடுத்த பாட்டை ஆரம்பித்துப் போதகர் இதை முடித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, முதலாளியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னொரு மூச்சு சேர்த்தேன்.

"சொல்லுங்க."