பொழுது சாய்ந்தால் தெரியாது

சித்தூர்
4.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குத் திரும்பியதிலிருந்து போன் செய்தால் எடுப்பதில்லை. கடிதத்தையாவது படியுங்கள்.

லோகேசைத் திருப்பதி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா எடுத்ததும், "மேனரிகமாம்மா?" என்றார். "ஆமா, தாய்மாமனத்தான் கட்னு இருக்கறேன்" என்றேன். படம் காட்டி விளக்கினார். கண்ணுக்குள் பின்பக்கம் விழித்திரை என்று மெல்லிய சவ்வு. வெளிச்சத்தை வாங்கி மூளைக்குச் சேதி அனுப்புவது அதிலுள்ள செல்கள்தானாம். கூம்பு செல்கள் பகலுக்கும் நிறத்துக்கும். குச்சி செல்கள் மங்கலுக்கு. நம் பிள்ளைக்குக் குச்சி செல்கள் செத்துக்கொண்டு வருகின்றன. பிறகு கூம்பும் போகுமாம். வம்சத்தில் வருவதாம், சொந்தத்துக்குள் கட்டினால் பிள்ளைக்கு வர வாய்ப்பு அதிகமாம். இதற்கு மருந்து இல்லையாம் மாமா.

"அவுங்க அப்பாவுக்குச் சாயங்காலம் பார்வை எப்படி?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமான நாளாகப் பொழுது சாய்ந்தால் நீங்கள் வண்டி எடுத்ததே இல்லையே!

கருக்கலில் சாம்பார்க் குண்டானை இடறிவிட்டான் என்று ஆறு வயசுப் பிள்ளையைக் கரண்டியால் அடித்தேன். பக்கத்தில்தானே சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

நந்திதா


ஸ்ரீசிட்டி
11.11.2024

நந்திதாவுக்கு,

எனக்கும் இருக்கிறது. பதினாறு வயசிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். வெளியில் யார் பெண் கொடுப்பார்கள்? அக்கா வீட்டில் எதுவும் விசாரிக்க மாட்டார்கள் என்று உன்னைக் கேட்டேன். பையனுக்கு வெறும் துடுக்குத்தனம்தான், நீ அடித்தால் அடங்கிவிடுவான் என்று நம்பப் பார்த்தேன். என்னை மன்னித்துவிடு.

தையில் உன் தங்கை சுமித்ராவுக்கும் என் தம்பி ஹேமநாத்துக்கும் கல்யாணம். ஆஸ்பத்திரிச் சீட்டை யாரிடமும் காட்டாதே. அவனுக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

கோபிகிருஷ்ணன்


சித்தூர்
20.11.2024

மாமா,

சீட்டை எல்லோருக்கும் காட்டிவிட்டேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஹேமநாத்தான் வாயைத் திறந்தான்: "எனுக்கும் கருக்கல்ல கண்ணு தெர்ல நந்திதா. பொண்ணு வூட்ல சொல்லாதடான்னு அண்ணன் சொல்லிக்கினே இருந்தாரு."

கல்யாணம் நின்றுவிட்டது.

எனக்குச் செய்ததைப் பயத்தில் செய்தீர்கள் என்று மனசை ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். நான் படுவதைப் பார்த்த பிறகும் சுமித்ராவுக்கு அதையே செய்யத் துணிந்தீர்களே, உங்களுக்கு நெஞ்சே இல்லையா? இனி இந்த வீட்டுக்கு வராதீர்கள்.

லோகேசு சாயங்காலமானால் மூலையில் உட்கார்ந்துகொள்கிறான். நான் கையைப் பிடிக்கப் போனால் கன்னத்தை மூடிக்கொள்கிறான். "உம்மேல தப்பு இல்லடா, உங்கப்பனுக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லியிருக்கிறேன். வளர்ந்து வந்து அவனே உங்களைக் கேட்பான். அன்றைக்கு உங்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.

லோகேசின் அம்மா