பத்திரிகையைத் திறக்காதே

ஆகஸ்ட் 25, திங்கள்

வெயில். மழை வருகிற மாதிரி காட்டிவிட்டு ஏமாற்றியது. வேலை: ஸ்டாஃப் அத்தனை பேருக்கும் வருகைப்பதிவு ஆப்பில் பாஸ்வேர்டு மாற்றித் தருவது. கம்ப்யூட்டர் டீச்சர் என்றால் பூட்டு ரிப்பேர் செய்பவள் என்று நினைப்பு.

இன்று கண்ட காட்சிகள்:

தமிழையா. பாஸ்வேர்டு ஐ.டி. கார்டின் பின்பக்கம், பேனாவில். ஃபேன் காற்றில் கார்டு திரும்பினால் பத்தாம் வகுப்புக்கே தெரியும்.

பி.இ.டி. சார். போனுக்குப் பூட்டே கிடையாது. "நம்மகிட்ட என்னங்க மேடம் ரகசியம் இருக்குது?" அவரிடம் இல்லைதான். அந்தப் போனில் இருநூறு பிள்ளைகளின் வீட்டு நம்பர் இருக்கிறது. சொன்னால் சிரிக்கிறார்.

ஹெச்.எம். 12345678. கூடாது என்றேன். மாலையில் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினார், 87654321. இதற்கு எம்.எட். வேறு.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது. என் வீட்டுக்காரர் போனைத் திறக்கும் எண், அவர் உரக்கடை நம்பரின் கடைசி நான்கு. கடை போர்டில் இருக்கிறது, காலண்டரில் இருக்கிறது, மல்லசமுத்திரத்தில் பாதி வீட்டில் தொங்கும் மஞ்சள் பையில் இருக்கிறது. "மறந்து போகாதுல்ல?" என்கிறார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நாளை சதுர்த்தி, லீவு. வெல்லம், தேங்காய் 2, அருகம்புல்.

ஸ்டாஃப் மீட்டிங்கில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். ஓ.டி.பி. யாரிடமும் சொல்லாதீர்கள், ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள், தெரியாத ஃபைலைத் தொடாதீர்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு. பின் வரிசையிலிருந்து: "இந்தம்மா முடிச்சாத்தான் டீ வருமாட்ட இருக்குது."

ஆகஸ்ட் 28, வியாழன்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டார் என் வீட்டுக்காரர்.

நேற்று மதியம் கடையில் இருக்கும்போது போனில் கல்யாணப் பத்திரிகை. அனுப்பியது பூச்சிமருந்து கம்பெனி ஆள். அவன் போன் ஏற்கெனவே திருடன் கையில் என்று இவருக்கு எப்படித் தெரியும். படம் இல்லை, ஏதோ ஆப். யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கத் திறந்து, அது கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்திருக்கிறார். உள்ளே பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. இன்று காலைக்குள் இவர் போனிலுள்ள அறுநூறு சொச்சம் பேருக்கும் இவர் பெயரில் அதே பத்திரிகை. 'எங்கள் இல்லத் திருமணம். அவசியம் வரவும்.'

"ஏனுங்க, எத்தன தடவ சொல்லீருக்கறேன்?"

"பத்திரிகைன்னு வந்தாப் பாக்காம இருக்க முடியுமா? கல்யாணத்துக்குப் போகலீன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க புள்ள."

திருடன் கெட்டிக்காரன். எங்கள் சனம் எதற்குப் பயப்படும் என்று தெரிந்து வைத்திருக்கிறான்.

பாங்கில் சொல்லிக் கணக்கை நிறுத்தியாயிற்று. சைபர் கிரைமில் புகார். நல்லவேளை, பணம் போகவில்லை. போனை மொத்தமாக அழித்துப் புதிதாக்கினேன். இனி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுத் திறக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். பாதி அவருக்கு, பாதி எனக்கு. ஒருவர்: "மது கல்யாணமுங்களா? மாப்பிள்ளை எந்தூருங்க?" இன்னொருவர்: "தேதிய மட்டும் வாயில சொல்லுங்க, வந்தர்றோம்." இருபத்தேழு வயது மகள் பெங்களூரில் நிம்மதியாக வேலை பார்க்கிறாள். ஊர் அவளுக்குத் தாலியே கட்டிவிட்டது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தொண்டை கட்டிவிட்டது. சுக்குக் காபி. லிஸ்டில் மிச்சம் நாற்பது.

அதில் ஒரு பெயர். அக்கா, கொண்டப்பநாயக்கன்பட்டி. நான் பிளாக் செய்து நான்கு வருடம். இவர் அவள் நம்பரை இன்னும் வைத்திருக்கிறார் என்பதே இன்றுதான் தெரியும்.

எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். அவள் மகன் கல்யாணத்துக்குக் கூடப் பிறந்தவளை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. போனில் பத்திரிகை. பால்காரருக்கு அனுப்பியது போலவே எனக்கும். நான் போகவில்லை. அதோடு பேச்சு நின்றது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

"உங்கக்கா. நீயே பேசு," என்று இவர் நழுவிவிட்டார்.

நாளைக்குப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் 30, சனி

மாலை ஐந்து மணிக்கு பிளாக்கை எடுத்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தாள்.

"சாமி! மதுவுக்குக் கல்யாணமா? உன்ற ஊட்டுக்காரரு போன்ல இருந்து பத்திரிகை வந்து கெடந்துச்சு. இன்னைக்குக் காத்தாலதான் பாத்தேன்."

"தொறந்தியாக்கா?"

"தொறக்கவே மாட்டேங்குது. என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் சரின்னு அமுக்கிப்போட்டேன். உன்ற ஊட்டுப் பத்திரிகையாச்சே, என்ன பயம்?"

அறுநூறு பேரில் வடிகட்டின முட்டாள் இவள்தான். திட்ட நேரமில்லை.

"போனை உடனே ஆஃப் பண்ணுக்கா."

"சரி சாமி." ஏன் என்று கேட்கவில்லை. அணைத்துவிட்டாள். அது எங்கள் பத்திரிகை இல்லை என்று நான் சொல்வதற்குள்.

வீட்டில் தனியாக இருக்கிறாள். வேறு போன் இல்லை. பென்ஷன் கணக்கு இந்த நம்பரில்தான். கணக்கு எண் எனக்குத் தெரியாது, விடிந்ததும் நேரில்தான் போக வேண்டும். நேற்றே பேசியிருந்தால் திறந்திருக்க மாட்டாள். நேற்று எனக்கு வீம்பு. ஹெச்.எம்.மைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

5.40 பஸ். சேலத்தில் மாறி, எட்டரைக்கு அக்கா வீடு. தூறல்.

கேட்டைத் திறந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இளைத்துவிட்டாள். முட்டிக்குப் பட்டை. கட்டில் மேல் பட்டுப் புடவை, அரக்கு. மதுவுக்காம். நேற்று மத்தியானமே டவுனுக்குப் போய் எடுத்தாளாம்.

"போன்ல கூப்பிட்டதே போதும்னு இருந்தேன். மறுக்கா நேர்லயும் வந்துட்ட. நான் உனக்கு இதச் செய்யலையே சாமி. நம்ம புள்ளதான, ஒன்னும் நெனச்சுக்காதுன்னு இருந்துட்டேன். தப்பு என்ற மேலதான்."

அழுதாள்.

நான்கு வருடம் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். கிடைத்துவிட்டது. திருடன் வாங்கிக் கொடுத்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

போனை வாங்கி உட்கார்ந்தேன். என் போனிலிருந்து பாங்குக்குப் பேசி அவள் கணக்கை நிறுத்தினேன். அந்த ஆப்பை நீக்கி, எல்லாவற்றையும் அழித்து, பூட்டுக்குப் புது எண் போட்டு, முக்கால் மணி நேரம். ஐந்து நிமிட வேலைகளையும் இழுத்தேன். அவள் காபி வைத்தாள். முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்றாள். மண்டபம் எது என்றாள். இரு, இரு என்றேன்.

அதற்கு மேல் இழுக்க முடியவில்லை. சொன்னேன். கல்யாணம் இல்லை. ஏமாற்று வேலை. நாங்கள் யாரும் அனுப்பவில்லை.

"பணம் கிணம் போச்சா?"

"இல்லைக்கா."

புடவையை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப நீ என்னையக் கூப்பிடவே இல்லையா?"