பெங்களூருக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர்

சேரன்மகாதேவி
17.11.1996

அன்பு மகள் ஆன்லினுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரெக்சனும், ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நம் சின்னக்குட்டியும் மாதா காவலில் நல்லபடி இருக்க வேண்டும். இங்கே நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் அவர்கள் சொன்னார்கள், எனக்குத்தான் பொய் எழுத வரவில்லை.

ஏழாம் மாதத்தில் பிறந்த பிள்ளையை விட்டு நீ நகர முடியாது, ரயிலில் ஏறி இறங்க அப்பாவுக்குத் தெம்பில்லை, அதனால் காரில் வந்து பேத்தியைப் பார்த்தே தீருவது என்று போன வாரம் பூரா கணக்குப் போட்டார்கள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷருக்கு மேப் எதற்கு. இங்கிருந்து மதுரை நூற்றெண்பது, திண்டுக்கல் இருநூற்று நாற்பது, சேலம், தர்மபுரி, ஓசூர் என்று காலண்டர் தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதிக் கூட்டினால் மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அப்பா மூச்சுக்கு வைத்திருக்கிற சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று, காற்றைக் குறைவாக வைத்தால் ஆறு மணி நேரம் வரும். மணிக்கு நாற்பதில் போனால் ஒன்று திண்டுக்கல் வரை, அடுத்தது தர்மபுரி வரை, மூன்றாவதில் உன் வாசல். எப்படிக் கச்சிதமா வருது பாத்தியா இஞ்ஞாசி என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நம்பி நானும் உனக்குப் பிரசவ லேகியம் கிண்டி டப்பாவில் அடைத்து வைத்தேன்.

டாக்டர் மட்டும், முதலில் கோவில்பட்டி வரை போய்ப் பாருங்கள், உதடு நீலம் பாரித்தால் காற்றைக் கூட்டுங்கள் என்றிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமாவின் வீட்டுக்காரர் தன் அம்பாசிடரில் கூட்டிப்போனார். டவுண் தாண்டும் வரை அப்பா ஒவ்வொரு மைல் கல்லையும் வாசித்துக்கொண்டு வந்தார்கள். கயத்தாறு பக்கம் பேச்சு நின்றது, பார்த்தால் உதடு நாவல்பழமாக இருக்கிறது. காற்றைக் கூட்டினேன், கூட்டக் கூட்ட சிலிண்டர் மீட்டரில் முள் இறங்கியது, கோவில்பட்டி எட்டும் முன்னே பாதிக்குக் கீழே போய்விட்டது. மூச்சு கொஞ்சம் திரும்பியதும், பாய், வண்டியைத் திருப்பும்வே என்றார்கள். அவர், இன்னுங் கொஞ்ச தூரம் பார்ப்போமே அண்ணாச்சி என்றதற்கு, தூரம் எனக்குத் தெரியாதாவே என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடின கண்ணோரத்தில் தண்ணீர், நான் துடைக்கவில்லை, பார்த்தேன் என்று தெரிந்தால் தாங்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து படுத்தபடியே மறுபடி கணக்கு. இந்த ரீதியில் அஞ்சு சிலிண்டர் வேணும், அஞ்சு கிடைச்சாலும் நெஞ்சு அம்புட்டு தூரம் வராது என்று சொல்லி, தாளை மடித்து என்னிடம் அடுப்பில் போடத் தந்தார்கள். போட்டுவிட்டேன். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் வரை என்று கூடச் சொல்ல முடியாது என்றார்.

உடனே புறப்பட்டு வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எந்த வாயால் சொல்ல. பாலுக்கு உன்னை விட்டால் அந்தச் சிசுவுக்கு யார் இருக்கிறார்கள். வராதே மகளே. பின்னால் இதை நினைத்து உன்னை நீயே குற்றம் சொல்லிக்கொள்ளாதே, வராதே என்றது நான்தான். குளிர் காலம், காதில் பஞ்சு வை, வெந்நீர் குடி, தையல் போட்ட உடம்போடு படி ஏறி இறங்காதே.

நம் ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் கைவிடாமல் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை பாத்திமா வீட்டுக்குப் போன் பண்ணு, அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வருகிறேன். என்ன வேண்டுமானாலும் பேசு, எப்போ வாறீங்க என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் அம்மா,
அ. இஞ்ஞாசியம்மாள்